உலைக் கூடத்தின் சுவர் சும்மா நிற்பதில்லை

இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலை வட்டாரத்தில் பெயிண்டைப் பற்றிப் பேசத் தெரியாதவர்கள் குறைவு. கார் உடலை மொத்தமாகத் தொட்டியில் முக்கியெடுக்கும் இ.டி. கோட், அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியில் கிளியர் கோட், இடையிடையே ஓவன் என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் பேச்சு அதுதான். ஏசியன் பெயின்ட்ஸுக்கும் நிப்பான் பெயின்ட்டுக்கும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஆலைகள் உண்டு. இங்கே ஒரு பூச்சு நல்லதா என்று பார்க்க வழக்கமான சோதனைகள் இருக்கின்றன. பூசிய தகட்டில் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப்பை ஒட்டி, வெடுக்கென்று இழுப்பார்கள். ஒரு கட்டமும் பெயர்ந்து வராவிட்டால் பூச்சு தேறிவிட்டது. மீட்டரை வைத்துத் தடிமன் பார்ப்பார்கள், உப்புப் புகை அறையில் வைத்துத் துரு பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஒரகடத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் அணுமின் நிலையம் உள்ள கல்பாக்கம் சுமார் 40 கி.மீ. அணுமின் நிலையங்களில் உலையைச் சுற்றி மூடிய கவசக் கட்டடத்துக்குள் உலகெங்கும் பெரும்பாலும் அடிக்கப்படுவதும் எபாக்சிப் பூச்சுதான். வேதியியலில் அது கார்க் கம்பெனியின் இ.டி. கோட்டுக்கு நெருங்கிய சொந்தம். அங்கே அது ஒட்டுகிறதா, உரிகிறதா என்பதோடு இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். விபத்து நேர்ந்து எரிபொருள் உருகினால், காற்றில் மிதந்து வந்து சுவரில் படியும் கதிரியக்க அயோடினை அந்தப் பூச்சு பிடித்து வைக்குமா, அல்லது வேறொரு பொருளாக மாற்றித் திரும்பவும் காற்றுக்கே அனுப்பிவிடுமா? அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் இதற்கு விடை தேடிவருகிறது. கிடைத்த விடைகளில் பாதி நம் உலைகளுக்கு அப்படியே பொருந்தாது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை விளக்கவே இந்தக் கட்டுரை.

யுரேனியம் பிளக்கும்போது நூற்றுக்கணக்கான வகை அணுக்கள் பிறக்கின்றன. எரிபொருள் அளவு மீறிச் சூடானால் அவற்றில் சில மட்டுமே எளிதில் ஆவியாகி வெளியேறும். செனானும் கிரிப்டானும் மந்த வாயுக்கள். எதிலும் ஒட்டாமல் அப்படியே திரியும். அயோடின், சீசியம், டெல்லூரியம் மூன்றும் எதைக் கண்டாலும் வினைபுரியும். ருத்தேனியம் பொதுவாக அடங்கிக் கிடக்கும். சூடான எரிபொருளில் காற்றுப் பட்டுவிட்டால் அதுவும் டெட்ராக்சைடாகி ஆவியாகக் கிளம்பும். இவற்றில் முதலில் கவலைப்பட வேண்டியது அயோடின் 131. அதன் அரை ஆயுள் 8 நாள்தான். ஆனால் அந்தச் சில வாரங்களுக்குள் மூச்சிலும் பாலிலும் புகுந்து குழந்தைகளின் தைராய்டுச் சுரப்பியில் போய்ச் சேர்ந்துவிடும். சீசியம் 137 அவசரப்படுவதில்லை. 30 ஆண்டு அரை ஆயுளோடு மண்ணிலும் கான்கிரீட்டிலும் உட்கார்ந்துகொள்ளும்.

1962இல் அமெரிக்க அணுசக்தி ஆணையம் ஓர் ஆவணம் வெளியிட்டது. விபத்தில் உலை மையத்தின் அயோடினில் பாதி கவசக் கட்டடத்துக்குள் வரும், அதில் பாதி உடனே சுவர்களிலும் கருவிகளிலும் படிந்துவிடும், மீதி கால் பங்கு கசியக் காத்திருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னது. உலகின் பல உலைகளுக்கு இடம் தேர்வு செய்ததில் இந்தக் கணக்கின் செல்வாக்கு உண்டு. மேற்பரப்பை ஒரே எண்ணால் கடந்துபோன கணக்கு அது. எந்தச் சுவர், என்ன பூச்சு, ஈரமா உலர்வா என்ற பேச்சே அதில் கிடையாது.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகியது. மையத்தில் பல கோடி கியூரி அளவுக்கு அயோடின் 131 இருந்தது. மந்த வாயுக்கள் லட்சக்கணக்கான கியூரி அளவில் வெளியேறின. அயோடின் 131 வெளியேறியதோ சுமார் 15 கியூரி! பழைய கணக்கோடு இது எந்த விதத்திலும் ஒத்துவரவில்லை. அயோடினில் பெரும்பகுதி சீசியம் அயோடைடாக வந்து நீரில் கரைந்து அங்கேயே தங்கியிருக்க வேண்டும் என்று அமெரிக்க ஆய்வகங்களைச் சேர்ந்த மூன்று விஞ்ஞானிகள் 1980இல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதினார்கள். 1995இல் அந்த ஆணையம் வெளியிட்ட புதிய அறிக்கை, அயோடினில் 95 விழுக்காடு சீசியம் அயோடைடாகவே வரும் என்று ஏற்றுக்கொண்டது. அத்தோடு கவலை தீர்ந்தது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அந்தச் சீசியம் அயோடைடு நீரில் கரைந்த பிறகுதான் கதையின் சிக்கலான பகுதி தொடங்குகிறது.

கவசக் கட்டடத்தின் அடியில் தேங்கும் நீர் கடுமையான கதிர்வீச்சில் நிற்கிறது. நீர் காரத்தன்மையோடு இருக்கும்வரை அயோடைடு அயனியாக அதில் அடங்கியிருக்கும். அமிலத்தன்மை ஏறினால் கதிர்வீச்சு அந்த அயோடைடை மூலக்கூறு அயோடினாக மாற்றும். மூலக்கூறு அயோடின் நீரில் தங்காது; காற்றுக்கு ஏறும். நீரை அமிலமாக்குவது எது? காற்றில் உள்ள நைட்ரஜனிலிருந்து கதிர்வீச்சு நைட்ரிக் அமிலத்தை உண்டாக்கும். பி.வி.சி. உறை போட்ட கேபிள்கள் சூட்டிலும் கதிர்வீச்சிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கும். இதனால்தான் பல நாட்டு உலைகளில் டிரைசோடியம் பாஸ்பேட் போன்ற உப்பைக் கூடைகளில் முன்கூட்டியே நிரப்பி வைக்கிறார்கள். நீர் ஏறினால் தானாகக் கரைந்துகொள்ளும்.

காற்றுக்கு ஏறிய அயோடின் சுவருக்குப் போகிறது. இனி வருவதை நிதானமாகப் பார்க்க வேண்டும், கட்டுரையின் உயிர் இங்கேதான்.

எபாக்சி என்பது இரு டப்பாச் சரக்கு. ஒன்றில் ரெசின், மற்றொன்றில் ஹார்டனர். ஹார்டனர் பெரும்பாலும் அமின் அல்லது பாலிஅமைடு வகை, அதாவது நைட்ரஜன் உள்ள பொருள். இரண்டையும் கலந்து, கெட்டியாவதற்குள் அடித்து முடிக்க வேண்டும். காய்ந்த பிறகும் வினைபுரியாத அமின் கொஞ்சம் உள்ளே மிஞ்சும். கலக்கும்போது ஊற்றிய தின்னரும் முழுசாகப் போவதில்லை. பூச்சுக்குள் சிக்கிய கரைப்பான் ஆண்டுக்கணக்கில் தங்கும். தொட்டால் கல் மாதிரி இருக்கும் அந்தப் படலத்துக்குள் வாயுவும் நீராவியும் மெல்ல ஊடுருவிக்கொண்டேதான் இருக்கும்.

அயோடின் மூலக்கூறு இந்தப் படலத்தின் மேல் வந்ததும் நைட்ரஜன் உள்ள இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. ஈரப்பதம் கூடினால் பொதுவாக இந்தப் பிடிப்பும் கூடுகிறது. இதுவரை நல்ல செய்தி. சுவர் ஒரு பெரிய வடிகட்டிபோல வேலை செய்கிறது. ஆனால் அதே சமயம் காமாக் கதிர் பூச்சின் பாலிமர்ச் சங்கிலிகளையும் சிக்கிய கரைப்பானையும் உடைக்கிறது. உடைந்த துண்டுகளில் மெத்தில் வகையும் உண்டு. அது அயோடினோடு சேர்ந்தால் மெத்தில் அயோடைடு. அதன் கொதிநிலை வெறும் 42 டிகிரி, அதாவது விபத்து நேரச் சூட்டில் முழுக்க வாயு. சுவரில் ஒட்டாது, தெளிப்பு நீரில் எளிதில் கரையாது, ஈரமான சாதாரணக் கரியில் சரியாக நிற்காது. பிடித்து வைத்த சுவரே, பிடிக்க முடியாத பொருளாக அயோடினைத் திருப்பிக் கொடுக்கிறது.

இதைப் பெரிய அளவில் காட்டியது பிரான்சின் கடராஷ் ஆய்வு மையத்தில் நடந்த ஃபெபஸ் சோதனை வரிசை. 1993 முதல் 2004 வரை ஐந்து சோதனைகள். நிஜமான எரிபொருளை நிஜமாகவே உருக்கி, வந்த ஆவியை 10 கன மீட்டர் கலனுக்குள் விட்டு, அதற்குள் பெயிண்ட் அடித்த பரப்புகளையும் அடியில் நீரையும் வைத்து நாள்கணக்கில் அளந்தார்கள். அயோடினில் ஒரு பகுதி குழாயிலிருந்து வெளியே வரும்போதே வாயுவாக இருந்தது. 1995 அறிக்கை நினைத்ததைவிட நிலைமை சிக்கலானது என்று அப்போதே தெரிந்துவிட்டது. வாயு அயோடின் வேகமாகப் பூச்சில் படிந்தது. பிறகு மெத்தில் அயோடைடு போன்ற கரிம அயோடைடு மெதுவாகத் தலைகாட்டியது. நாளாக ஆக, காற்றில் மிஞ்சிய அயோடினின் அளவு, சுவரில் படிவதும் சுவரிலிருந்து கிளம்புவதும் சமமாகும் ஒரு நிலையில் போய் நின்றது. 2007க்குப் பிறகு கனடாவில் நடந்த பிப் திட்டமும், பிரான்சில் நடந்த ஸ்டெம் திட்டமும், ஜெர்மனியில் 60 கன மீட்டர் கலனில் நடந்த தாய் (THAI) என்ற பெயர்கொண்ட சோதனைகளும் இந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் போயின. பூச்சுக்குப் பூச்சு அயோடினைப் பிடிக்கும் வேகம் வேறுபடுகிறது. கரிம அயோடைடு உண்டாகும் அளவும் வேறுபடுகிறது. பூச்சின் வயது, அது பட்ட சூடு, உள்ளே மிஞ்சிய கரைப்பான் எல்லாமே கணக்கில் வருகின்றன. ஒரு நாட்டின் பெயிண்டை வைத்து இன்னொரு நாட்டின் சுவருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதை இந்தச் சோதனைகளே நிரூபித்துவிட்டன.

ஃபெபஸ் முடிவுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இன்னொன்று உண்டு, வெள்ளி. மேலை நாட்டு அழுத்த நீர் உலைகளில் பலவற்றின் கட்டுப்பாட்டுக் கம்பிகள் வெள்ளி, இன்டியம், காட்மியம் கலந்த உலோகம். அதில் 80 விழுக்காடு வெள்ளி. விபத்தில் அந்த வெள்ளி ஆவியாகி அடிநீரில் வந்து விழுந்து, அயோடைடோடு சேர்ந்து கரையாத வெள்ளி அயோடைடாக மாறுகிறது. நீர் அமிலமாக இருந்த சோதனையிலும் அயோடின் காற்றுக்கு ஏறாமல் இது தடுத்தது. பிரெஞ்சு உலைகளுக்குப் பெரிய ஆறுதல்.

நமக்கு அந்த ஆறுதல் இல்லை. இந்தியாவின் பெரும்பாலான 220 மெகாவாட் வகைக் கனநீர் உலைகளில் உலையை நிறுத்தும் கம்பிகள் துருப்பிடிக்காத எஃகுக்குள் வைத்த காட்மியம். அவையும் எரிபொருளோடு ஒட்டாமல் தனியே மாடரேட்டர் கனநீருக்குள் இறங்குபவை. கூடங்குளத்தின் விவிஇஆர் 1000 உலைகளில் கம்பிகள் போரான் கார்பைடும் டிஸ்ப்ரோசியம் டைட்டனேட்டும். வெள்ளி இரண்டிலும் கிடையாது. ஃபெபஸின் கடைசிச் சோதனையில் வெள்ளிக்குப் பதில் போரான் கார்பைடு கம்பி வைத்திருந்தார்கள். அந்த ஒரு மாற்றத்தில், கலனுக்குள் வந்த அயோடினில் பெரும்பகுதி வாயுவாகவே வந்து சேர்ந்தது. போரான் சீசியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதால் அயோடினுக்குத் துணையாகப் போதிய சீசியம் கிடைக்கவில்லை என்பது முன்வைக்கப்படும் விளக்கங்களில் ஒன்று. கூடங்குளத்தைப் பற்றி யோசிப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது வெள்ளி வைத்த சோதனைகளை விட்டுவிட்டு இந்தக் கடைசிச் சோதனையைத்தான்.

நமக்குச் சாதகமான விஷயங்களும் உண்டு. கனநீர் உலையின் குளிர்விப்பு நீரில் லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்ப்பதால் அது தொடக்கத்திலேயே நல்ல காரத்தன்மையோடு இருக்கும். 1980களில் மின் உற்பத்தி தொடங்கிய கல்பாக்கத்தின் இரண்டு அலகுகளிலும், உடைப்பிலிருந்து வரும் நீராவியை அடித்தளத் தொட்டி நீருக்குள் செலுத்தி ஒடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆவி அந்த நீரைக் கடக்கும்போதே துகள்களில் பெரும்பகுதி அதில் நின்றுவிடும். நரோரா அணுமின் நிலையம் தொடங்கி இந்தியக் கனநீர் உலைகளுக்கு முழு இரட்டைக் கவசம் வந்தது. உள்கூடத்துக் காற்றைக் கரி வடிகட்டி வழியே இழுத்து மறுபடி உள்ளேயே விடும் அமைப்பும் இவற்றில் உண்டு. மெத்தில் அயோடைடைப் பிடிக்க அந்தக் கரியில் பொட்டாசியம் அயோடைடு அல்லது ஓர் அமினை ஊறவைத்திருக்க வேண்டும். இந்த வேலைக்கு உலகம் விரும்பி வாங்குவது கொட்டாங்குச்சிக் கரி. காங்கேயம், கோவைப் பக்கத்தில் எரிக்கும் சிரட்டைக்கும் அணு உலையின் கடைசிக் காவலுக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது பலருக்குத் தெரியாது.

எஃகைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அயோடின் எஃகில் படிந்து இரும்பு அயோடைடாகும். சுவரில் நீராவி குளிர்ந்து வழிந்தால் அது கழுவப்பட்டு அடிநீருக்குப் போகும். கூடங்குளத்தின் உள்கவசத்தில் எஃகுத் தகட்டு உள்ளுறை உண்டு, புதிய 700 மெகாவாட் கனநீர் உலைகளிலும் உண்டு. கல்பாக்கம் காலத்துக் கட்டடங்களில் கான்கிரீட்டும் அதன்மேல் பூச்சும்தான். ஆக நம் நாட்டு உலைகளுக்குள்ளேயே சுவர்க்கதை ஒன்றல்ல. டெல்லூரியத்துக்கும் ஒரு வரி வேண்டும். டெல்லூரியம் 132 சுவரில் படிந்து மூன்று நாள் அரை ஆயுளில் அயோடின் 132 ஆக மாறுகிறது. அப்போது சுவரே புதிதாக அயோடினைப் பிறப்பிக்கும் இடமாகிவிடுகிறது.

சீசியமும் கான்கிரீட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஃபுகுஷிமா காட்டிவிட்டது. ஜப்பானின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2021இல் ஓர் இடைக்கால அறிக்கை தந்தது. 2ஆம், 3ஆம் அலகுகளின் உலைக்கு மேலே மூன்று அடுக்காக மூடியிருக்கும் கான்கிரீட் மூடிகளின் இடைவெளியில் ஏராளமான சீசியம் 137 சிக்கியிருக்கிறது. 2ஆம் அலகில் 20 முதல் 40 பெட்டாபெக்கரல், 3ஆம் அலகில் சுமார் 30 என்று மதிப்பிட்டார்கள். அந்த விபத்தில் மொத்த வளிமண்டலத்துக்கும் வெளியேறிய சீசியம் 137, ஐ.நா. அறிவியல் குழுவின் 2013 மதிப்பீட்டில் 6 முதல் 20 பெட்டாபெக்கரல். அதாவது ஊருக்கு வந்ததைவிட அதிகம் அந்த மூடிகளிலேயே நின்றிருக்கிறது. ஊர்களைக் காப்பாற்றியதில் அந்தக் கான்கிரீட்டுக்குப் பங்குண்டு. இப்போது உலையைப் பிரித்தெடுக்கப் போகிறவர்களுக்குப் பெரும் தடையும் அதே கான்கிரீட்தான். சீசியம் கான்கிரீட்டில் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது சிமெண்டை மட்டும் பொறுத்ததல்ல, ஜல்லிக் கல்லின் கனிமத்தையும் பொறுத்தது. மைக்கா, களிமண் வகைக் கனிமங்கள் சீசியத்தை இறுகப் பிடிக்கும். சென்னை, செங்கல்பட்டு வட்டாரத்தின் கல் பெரும்பாலும் சார்னகைட். ஜப்பானிய ஜல்லியில் எடுத்த எண்ணை இந்தக் கல்லுக்குக் கடன் வாங்கக் கூடாது.

இதே ஃபுகுஷிமாவில் வெளியேறிய அயோடின் 131 ஐரோப்பாவரை போய்ச் சேர்ந்தது. அங்கே அளந்தவர்கள் முக்கால் பங்கு அளவுக்கு வாயு வடிவில் இருந்ததைக் கண்டார்கள். துகளுக்குத் தயாராக இருந்த கண்காணிப்பு நிலையங்கள் பல, வாயுவை அளக்கத் தயாராக இல்லை. மேற்பரப்பு வேதியியல் ஆய்வகத்து ஆர்வம் மட்டுமே என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கல்பாக்கத்தில் உலகில் வேறு பலரிடம் இல்லாத இன்னொரு சிக்கலும் இருக்கிறது, சோடியம். வேக ஈனுலையான எஃப்.பி.டி.ஆர். 1985 முதல் இயங்குகிறது. 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையில் உலை மையத்தை நிரப்பும் வேலை 2024 மார்ச் 4 அன்று தொடங்கியது. சோடியத்தில் அயோடின் சோடியம் அயோடைடாகக் கட்டுண்டுவிடும், அது நல்லது. ஆனால் சோடியம் கசிந்து காற்றில் எரிந்தால் வெண்புகையாக ஆக்சைடு கிளம்பும், ஈரக்காற்றில் அது ஹைட்ராக்சைடாகும், பிறகு கார்பனேட்டாகும். அந்தந்த நிலையில் துகளின் பருமனும் ஒட்டும் தன்மையும் மாறும். கடலோரக் காற்றின் ஈரம் இங்கே நேரடியாகக் கணக்கில் வருகிறது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் ஏரோசால் சோதனைக் கூடத்தில் இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார்கள். சோடியத் துகள்களோடு பிளவு விளைபொருள்களுக்கு நிகரான துகள்களைக் கலந்துவிட்டு எப்படித் திரள்கின்றன, எப்படிப் படிகின்றன என்று பார்த்திருக்கிறார்கள். டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கும் தனி ஏரோசால் சோதனைக் கூடம் உண்டு. கவசக் கட்டடத்தின் அழுத்தம் ஏறினால் காற்றைக் காரநீரும் தயோசல்பேட்டும் கலந்த தொட்டியில் கழுவி வெளியிடும் முறையையும் அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். அந்தக் கழுவும் தொட்டிக்கு எவ்வளவு வேலை மிஞ்சும் என்பதும் சுவர் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

பெயிண்ட் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். டப்பாவின் மேல் பெயர் பல ஆண்டுகள் மாறாமல் இருக்கும். உள்ளே இருக்கும் சரக்கு மாறிக்கொண்டே இருக்கும். மூலப்பொருள் விலை ஏறினால் ஹார்டனர் மாறும், சுற்றுச்சூழல் விதி இறுகினால் கரைப்பான் மாறும். கார்க் கதவுக்கு அது பெரிய விஷயமில்லை. கவசக் கட்டடச் சுவருக்கு அது வேறு அமின், வேறு கரைப்பான், ஆகவே வேறு அளவு மெத்தில் அயோடைடு. நாற்பது ஆண்டு நிற்கும் ஓர் உலையில் சுவரை எத்தனையோ முறை பழுதுபார்த்துப் பூசுவார்கள். ஒவ்வொரு முறையும் அது வேதியியலில் புதிய சுவர்தான். உலகெங்கும் இந்தப் பூச்சுகளுக்குக் கட்டாயமாக இருக்கும் சோதனைகளில் பெரும்பாலானவை, கதிர்வீச்சிலும் நீராவியிலும் பூச்சு உரியாமல் நிற்கிறதா என்று பார்ப்பவை. 1992இல் சுவீடனின் பார்செபெக் உலையில் பெயர்ந்து விழுந்த காப்புப் பஞ்சு நீர் உறிஞ்சும் சல்லடைகளை அடைத்த பிறகு அந்தக் கவலை இன்னும் கூடியது, நியாயமும்கூட. ஆனால் உரியாத பூச்சும் மெத்தில் அயோடைடைக் கொடுக்கும்.

வேண்டியது பெரிய செலவில்லை. கவசக் கட்டடத்தில் ஒவ்வொரு முறை பெயிண்ட் அடிக்கும்போதும் அதே பேட்ச் சரக்கில் சில டெஸ்ட் பேனல்களைப் பூசி, அதே சூட்டிலும் ஈரத்திலும் கட்டடத்துக்குள்ளேயே தொங்கவிட வேண்டும். ரெசின், ஹார்டனர், தின்னர், பேட்ச் எண் நான்கையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றில் ஒன்றை எடுத்து, காமாக் கதிரில் வைத்து, அயோடின் ஏற்றி, எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு கரிம அயோடைடாகத் திருப்பித் தருகிறது என்று அளக்க வேண்டும். பேனல் தயாரிக்கவும் பூச்சின் சேர்மானத்தைப் பிரித்துச் சொல்லவும் தெரிந்த கைகள் ஸ்ரீபெரும்புதூரில் நிறைய இருக்கின்றன. கதிர்வீச்சு வேதியியல் தெரிந்தவர்கள் கல்பாக்கத்தில் இருக்கிறார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1999 முதல் அங்கேயே செயல்படுகிறது. அந்த நிறுவனம் இரு தரப்பையும் ஒரே மேசைக்கு அழைக்க வேண்டும்; அளந்த எண்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட வேண்டும். சதுரங்கப்பட்டினத்திலும் இடிந்தகரையிலும் வாழும் மக்களுக்கு அந்த எண்களைக் கேட்கும் உரிமை உண்டு.